ஹீட்டருக்கு முன்னால் வீணை

தில்லிக் குளிர் எப்படி இருக்கும் என்று ஊரில் யாராவது கேட்டால் நான் தேங்காய் எண்ணெயைத்தான் சொல்வேன். தீபாவளி போய்க் கொஞ்ச நாளானால் போதும், பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக உட்கார்ந்துகொண்டு, கவிழ்த்தாலும் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். மற்றவர்களுக்கு அது தலைக்கு வைக்கிற எண்ணெய். எனக்கு வீணை வாசிக்கிற எண்ணெய். இடது கை விரல்களில் ஒரு சொட்டுத் தடவினால்தான் தந்தி மேல் வழுக்கிக்கொண்டு ஓடும், இல்லாவிட்டால் தோல் கிழியும். விடிகாலையில் எழுந்து பாட்டிலை வெந்நீர்ச் சொம்புக்குள் நிற்க வைத்து, அது இளகுகிற வரைக்கும் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாதகம் பண்ணுகிற நேரத்தில் பாதி இப்படியே போய்விடும்.

எழுபதுகளின் கடைசி அது. கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், மாடி வீடு, இரண்டே அறை. நானும் என் வீட்டுக்காரரும்தான். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர், வீட்டுக்காரர் என்று நீட்டி முழக்குவானேன். அவரை நான் எப்போதும் 'இவர்' என்றுதான் சொல்வேன், இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். இவர் அரசாங்கக் கட்டடங்களுக்கு ஏசி, ஹீட்டர் எல்லாம் போடுகிற பிரிவில் இன்ஜினியர். சூடு எங்கிருந்து எங்கே போகும், எதற்குள் சீக்கிரம் நுழையும், எதற்குள் நுழையாது என்பதுதான் இவருக்குச் சோறு போட்ட படிப்பு. அதை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வர மாட்டார், அதுதான் கஷ்டம். ரசம் ஆறிப்போச்சு என்று நான் சொன்னால், எந்த வழியாக ஆறியது என்று இவர் சொல்வார்.

சங்கீதத்தில் மட்டும் இவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ச எது, ப எது என்று தெரியாது. கல்யாணியும் காம்போதியும் ஒன்றுதான். ஆனால் நான் வாசிக்காவிட்டால் மட்டும் தெரிந்துவிடும். பல் தேய்த்துக்கொண்டே வந்து, என்ன இன்னிக்குச் சத்தமே காணோம் என்று கேட்பார்.

அந்த வருஷம் மார்கழியில் எனக்கு ரேடியோ ஆடிஷன் வந்திருந்தது, தேதி ஜனவரி முதல் வாரத்தில். அதற்கு முன்னால் ஒரு தடவை போய்த் தேறாமல் திரும்பியிருந்தேன். இந்தத் தடவை சும்மா தேறுகிறது, தோற்கிறது என்பதோடு போகாது. ஊரில் என் தங்கையும் வீணை கற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நல்ல வாத்தியம் இல்லை. அப்பா எழுதியிருந்தார்: ரேடியோவில் எடுத்துக்கொண்டால் வீணை உன்னிடமே இருக்கட்டும், இல்லையென்றால் மாசிக் கடைசியில் தில்லிக்கு வருகிற சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பிவிடு, அங்கே குளிரில் பூட்டி வைப்பதற்கு இங்கே சின்னவளாவது வாசிப்பாள். அதில் தப்பும் சொல்ல முடியாது. நல்ல தஞ்சாவூர் வீணை, ஒரே பலா மரத்தில் குடைந்தது. கல்யாணத்துக்குப் போட்ட நகையெல்லாம் பீரோவில் கிடக்கட்டும், ரயிலில் வரும்போது நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தது அதைத்தான். 

விடிகாலையை விட்டால் எனக்கு நேரம் கிடையாது. ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், அப்புறம் பால் டெப்போ க்யூ, சமையல், இவருக்கு டிபன் டப்பா. பகலில் பக்கத்து வீடுகளில் ரேடியோ, கீழே காய்கறி வண்டி. அதனால் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவேன். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், காலில் கம்பளி சாக்ஸ், எல்லாம் சரி. கைக்கு என்ன செய்வது? உறை போட்டுக்கொண்டு வீணை வாசிக்க முடியுமா? விரல் விறைத்துப்போய், மீட்டுகிறேனா இல்லையா என்றே தெரியாது. ஊருக்கு எழுதினால் குளிர் போகட்டும், பங்குனியில் வாசித்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. இவருடைய அம்மாவும் அதையேதான் எழுதினார்கள். கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாளும் என் விரலைத் தொட்டுப் பார்த்து, வெயில் காலம் வரட்டும், இப்போது அதை மூடி வை என்றாள்.

ஒரு நாள் விடிகாலையில், தந்தி ஐஸாக இருக்கிறது என்று புலம்பினேன். இவர் ரஜாய்க்குள், அதாவது பஞ்சடைத்த போர்வைக்குள், இருந்தபடியே பாடத்தை ஆரம்பித்தார். தந்தியும் ரஜாயும் ராத்திரி முழுக்க ஒரே அறையில்தான் கிடந்தனவாம், இரண்டும் ஒரே அளவு குளிர்ச்சிதானாம். உலோகம் விரலில் இருக்கிற சூட்டை வாங்கி உடனே உள்ளே கடத்திவிடுமாம், பஞ்சு அப்படிக் கடத்தாதாம், அதனால் எனக்கு அப்படித் தோன்றுகிறதாம். தோன்றுகிறதா, வந்து தொட்டுப் பாருங்கள் என்றேன். எழுந்து வந்து ஒரு விரலைத் தந்தி மேல் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டார். 

அன்றிலிருந்து என் கையைச் சூடாக்குவது இவருடைய வேலையாகிவிட்டது. கீழ் வீட்டம்மாள் அங்கீட்டி தருகிறேன் என்றாள். இரும்பு வாளியில் கரியைப் போட்டு, புல்வெளியில் வைத்துப் புகை அடங்கினதும் உள்ளே தூக்கிக்கொண்டு வருவார்கள், தில்லியில் பாதி வீடுகளில் அதுதான் அடுப்பும் ஹீட்டரும். இவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார். புகை போனாலும் கண்ணுக்குத் தெரியாத நச்சுக்காற்று போகாது, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் அப்படியே சாய்ந்துவிட வேண்டியதுதான் என்றார். மத்ராசிகளுக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்தது ஆபீஸ் சிநேகிதரிடம் கடன் வாங்கி வந்த ப்ளோயர். உள்ளே விசிறி சுற்றிச் சூடான காற்றை ஊதும். சூடு என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஆனால் அது ஒரு ரீங்காரம் போடும் பாருங்கள், என் ஸட்ஜத்திலும் சேராமல் ரிஷபத்திலும் சேராமல் நடுவில் நின்றுகொண்டு கழுத்தறுக்கும். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தப்பாகச் சுருதி போடுகிற மாதிரி இருந்தது, அணைத்துவிட்டேன். அதுவும் நல்லதுதான் என்றார் இவர். அந்தக் காற்று மரத்தில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும், பலா மரம் வெடித்தால் யார் பதில் சொல்வது?

கடைசியில் இவர் ஒரு முடிவுக்கு வந்தார். காற்றைச் சூடாக்குவதே முட்டாள்தனம். சூடான காற்று லேசாகி மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து ரோஷன்தான் வழியாகத் தெருவுக்குப் போகும். ரோஷன்தான் என்பது சுவரின் உச்சியில் இருக்கிற சின்னச் சாளரம், அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஒன்றுகூட ஒழுங்காக மூடாது. நீ தரையில் பாய் போட்டு உட்கார்ந்து வாசிக்கிறாய், நாம் மேலே இருக்கிற பல்லிக்குச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறோம் என்றார். அதனால் காற்றை விட்டுவிட வேண்டும், நேராக ஆளைத்தான் சூடாக்க வேண்டும்.

சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போய் ராடு ஹீட்டர் ஒன்று வாங்கி வந்தார். வெள்ளைப் பீங்கான் தண்டில் கம்பி சுற்றியிருக்கும், பின்னால் கண்ணாடி மாதிரி பளபளவென்று வளைந்த தகடு. கம்பி சிவந்தால் சூடு வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் கிளம்பி வரும், நடுவில் இருக்கிற காற்றைக் கண்டுகொள்ளாது, எது எதிரில் இருக்கிறதோ அதைப் போய்த் தொடும் என்றார். வீணைக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். மரத்துக்குள் சூடு லேசில் போகாது, அதனால்தான் தோசைத் திருப்பிக்கு மரப்பிடி போடுகிறார்கள் என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஹீட்டர் இங்கே, பாய் இங்கே என்று ஆபீஸில் பிளான் போடுகிற மாதிரி வைத்தார். தகட்டை இப்படியும் அப்படியும் திருப்பி, என் இடது கை இருக்கிற இடத்தை அது நேராகப் பார்க்கும்படி நிறுத்தினார்.

சும்மா சொல்லக்கூடாது, சொர்க்கம். ஹீட்டரைப் போட்டதும் அறையில் பல்பு கொஞ்சம் மங்கும், கம்பி மெல்ல மெல்லச் சிவக்கும், இரண்டு நிமிஷத்தில் விரல்கள் என் விரல்களாகிவிடும். மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வருகிறது, கை மட்டும் தஞ்சாவூரில் இருக்கிறது. அந்த வாரம் வாசித்த மாதிரி நான் கல்யாணத்துக்கு முன்னால்கூட வாசித்ததில்லை. எண்ணெயைக்கூட வெந்நீரில் வைக்கவில்லை, ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தானே இளகிவிடும். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீணை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விரல் அழுத்துகிற பித்தளைக் கட்டைகளுக்கு மெட்டு என்று பெயர். அவை மரத்தில் ஆணியடித்து வைத்தவை அல்ல. நீளத்துக்கும் கரை கட்டின மாதிரி கறுப்பு மெழுகு இருக்கும், தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சினது. மெட்டுகள் அந்த மெழுகில்தான் உட்கார்ந்திருக்கும். மயிரிழை நகர்ந்தாலும் சுரம் போச்சு. அதனால்தான் வீணையை வெயிலில் வைக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று எங்கள் ஊரில் அரிச்சுவடி மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள். தில்லிக் குளிரில் வெயில் என்றால் எல்லோரும் பாய் போட்டு விழுந்து கிடக்கிற இடம். அங்கேகூட நான் வீணையைக் கொண்டுபோனதில்லை. வீட்டுக்குள் இருக்கிற ஹீட்டரை வெயில் என்று யார் நினைத்தார்கள்?

ஆடிஷனுக்கு முந்தின வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, குளிர் எலும்புக்குள் ஏறியது. வெளியே மூடுபனி, எதிர் பிளாக்கே தெரியவில்லை. இவர் தகட்டைப் பழைய பேப்பரால் பளிச்சென்று துடைத்துவிட்டு, ஹீட்டரைக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் முன்னால் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். நான் சங்கராபரணம் வாசித்துக்கொண்டிருந்தேன். காந்தாரம் சேரவில்லை. தந்தி இறங்கியிருக்கும் என்று, தந்தியை முறுக்குகிற பிருடையைத் திருகிச் சரிசெய்தேன். ஸட்ஜம் சேர்ந்தது, காந்தாரம் மறுபடியும் சேரவில்லை. காதில் ஜலதோஷமோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். சாம்பிராணி வாசனை வந்தது, வெள்ளிக்கிழமை, கீழ் வீட்டில் பூஜையாக்கும் என்று நினைத்தேன். மத்யமத்தை அழுத்தினால் தந்தி பக்கத்து மெட்டில் இடித்துக் கரகரவென்றது. குனிந்து பார்த்தேன். கறுப்பு மெழுகு ஈரமான மாதிரி மினுங்கியது. நான் அழுத்தின இடத்தில் மெட்டு என் விரலுக்கடியிலேயே மெதுவாகச் சாய்ந்து உள்ளே அமுங்கியது. சாம்பிராணி இல்லை அது, குங்கிலியம், என் வீணையிலிருந்துதான் வருகிறது.

 ஹீட்டரைக் காலாலேயே தள்ளிவிட்டேன். சத்தம் கேட்டு இவர் வாளியோடு ஓடி வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டவர், பார்த்ததும் வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பார்த்தபடியே வாய் தானாகப் பேசியது, வழக்கம் விடுமா? கறுப்பு எந்தச் சூட்டையும் திருப்பி அனுப்பாது, முழுங்கிவிடும், நான் மரத்தை மட்டும் நினைத்தேன், மெழுகு கறுப்பு என்பதை விட்டுவிட்டேன். மேலே பித்தளை வேறு, அது தான் வாங்கின சூட்டைக் கீழே மெழுகுக்குள் இறக்கியிருக்கிறது. உன் கை இருக்கிற இடமும் மெழுகு இருக்கிற இடமும் ஒன்றுதானே என்றார்.

அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, சாமி ஆடிவிட்டேன். இத்தனை படித்து என்ன பிரயோசனம், இந்தச் சயின்ஸை உங்கள் ஆபீஸ் கட்டடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே, என் வீணைதானா கிடைத்தது என்று கத்தினேன். அப்பா நினைத்தது நடந்துவிட்டது, சித்தப்பாவை இப்போதே வரச் சொல்லி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதேன். இவர் மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆபீஸுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

கரோல் பாக்கில் ஒருவர் இருந்தார், வீணைக்கு மேளம் கட்டுகிறவர். மெட்டுகளை மெழுகில் சுரம் பார்த்து வைப்பதை அப்படித்தான் சொல்வோம். இவர் பஸ் மாறி அங்கேதான் போயிருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. மார்கழிக் கச்சேரி சீசனுக்குச் சென்னை போனவர் பொங்கல் கழித்துத்தான் வருவார் என்று பக்கத்தில் சொன்னார்களாம். லக்ஷ்மிபாய் நகரில் வீணை சொல்லிக்கொடுக்கிற மாமி வீட்டுக்கும் போயிருக்கிறார், அவர்களும் சென்னையில். தில்லியில் வீணையைத் தொட்டுச் சரிசெய்யக் கூடியவர்கள் அத்தனை பேரும் சபா வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் மத்தியானம் திரும்பி வந்து இதைச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் திண்டாடிக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் தன்னுடைய பற்றவைப்புக் கோலை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். டிரான்ஸிஸ்டர் ரிப்பேர் பார்க்க வைத்திருந்தது, கரண்டில் சூடாகும் பேனா மாதிரி ஒரு சாமான்.

"ஒரு வழி இருக்கு. உனக்கு இஷ்டம்னா சொல்றேன்" என்றார்.

இனிமேல் சொல்ல என்ன இருக்கிறது, சொல்லுங்கள் என்றேன். ஹீட்டர் எல்லா மெழுகையும் சேர்த்துச் சூடாக்கியது, இந்தக் கோல் அப்படிச் செய்யாது. ஒரே ஒரு மெட்டின் உச்சியில் இதை வைத்தால், பித்தளை அந்தச் சூட்டைத் தன் காலடிக்கு மட்டும் கொண்டுபோகும். அந்த மெட்டைச் சுற்றி ஒரு நூல் அளவுக்கு மெழுகு இளகும், பக்கத்து மெட்டுக்கு ஒன்றும் தெரியாது. கெடுத்த வழியிலேயே திருப்பி வர வேண்டும், வேறு வழி தெரியவில்லை என்றார். அத்தனைக்கும் அப்புறம் இந்த மனிதரிடம் வீணையைக் கொடுக்கலாமா? கொடுக்காமல் என்ன செய்ய? கடைசியில், குடத்துப் பக்கம் அதிகம் வாசிக்காத ஒரு மெட்டைக் காட்டி, முதலில் இதில் வைத்துப் பாருங்கள் என்றேன்.

வைத்தார். மெழுகு மெட்டின் ஓரத்தில் மட்டும் பளபளத்தது. கோலை எடுத்தார். நான் கட்டைவிரலால் தொட்டேன், வெண்ணெயில் நகர்கிற மாதிரி நகர்ந்தது. ஈரத் துணியை மேலே போட்டார். பித்தளை சூட்டை வாங்குகிற வேகத்தில்தான் கொடுக்கவும் செய்யும் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். துணியை எடுத்தபோது மெட்டு கல் மாதிரி நின்றது.

அன்று சூரியன் ஏறி இறங்குகிற வரைக்கும் அதேதான். நடுவில் வரிசையாகச் சாய்ந்துபோன மெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். நான் மீட்டிக் கேட்பேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், போதும் என்பேன். இவர் கோலை வைப்பார், எடுப்பார், துணியைப் போடுவார். தன் ஆபீஸ் ஸ்டீல் ஸ்கேலை மெட்டுகள் மேல் படுக்க வைத்து, எது மேடு எது பள்ளம் என்று பார்த்துச் சொல்வார். அதில் இவரை மிஞ்ச முடியாது. சுரம் சேர்ந்ததா இல்லையா என்பது மட்டும் கடைசி வரைக்கும் இவருக்குத் தெரியவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்தால் அடுத்த மெட்டுக்கு நகர்வார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், இவர் அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒன்றில் மட்டும் உஷாராக இருந்தேன். மெட்டு கொஞ்சம் கீழே இருந்து சுரம் குறைந்தால், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை ஏற்றிக்கொள்ளலாம். கூடிப்போனால் ஒன்றும் செய்ய முடியாது, எவ்வளவு இழுத்தாலும் மேலேதான் போகும், இறங்காது. அதனால் சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் குறைவாகவே வைத்தேன். மற்றதெல்லாம் தப்பித்தது, காந்தாரம்தான் நான் நினைத்ததைவிடக் குறைந்துவிட்டது. மறுபடியும் சூடு காட்டினால் அந்த இடத்தில் மெழுகு பொடிந்துவிடும் போல இருந்தது. விட்டுவிடுங்கள், நான் இழுத்துக்கொள்கிறேன் என்றேன். மிச்சம் இருந்த நாளெல்லாம் அந்த ஒரு சுரத்தைத்தான் சாதகம் பண்ணினேன். முதலில் சத்தமில்லாமல் தந்தியை இழுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் மீட்ட வேண்டும். கேட்கிறவர்களுக்கு இழுத்ததே தெரியக் கூடாது. ஹீட்டர் இல்லாமல்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆடிஷன் அன்று இவர் லீவு போட்டார். வீணையை ரஜாயில் சுற்றி, ஆட்டோவில் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என்னை உள்ளே ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். எதிரே மைக். கேட்கிறவர்கள் யார் என்று தெரியாது, நான் யார் என்று அவர்களுக்கும் தெரியாது, குரல் மட்டும் ஒலிபெருக்கி வழியாக வரும். முதலில் நான் கொடுத்த கீர்த்தனையை வாசித்தேன். ஒரு குறையும் இல்லை. அப்புறம் அந்தக் குரல், வயதான குரல், நல்ல தமிழ்க் குரல், சங்கராபரணம் கொஞ்சம் ஆலாபனை பண்ணுங்கள் என்றது. வேறு ராகமே கிடைக்கவில்லையா அந்த மனுஷருக்கு? சங்கராபரணத்தில் காந்தாரம் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் அந்த ராகத்துக்கு அழகு.

வாசித்தேன். விளம்பத்தில் எல்லாம் சரியாக வந்தது. வேகமாக ஒரு பிடி வந்த இடத்தில், இழுத்துவிட்டு மீட்ட நேரம் போதவில்லை. காந்தாரம் கீழேயிருந்து ஏறி வந்து நின்றது. ஒரு நொடிதான்.

"காந்தாரத்தை ஏன் இழுக்கறீங்க? இழுக்காம வாசிங்க" என்றது குரல்.

என்ன சொல்வது?  சரி என்று சொல்லிவிட்டு நைஸாக மறுபடியும் இழுத்து வாசித்திருக்கலாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"இழுக்காம வாசிச்சா சுரம் குறையும். மெட்டு இறங்கியிருக்கு. ஹீட்டர் சூட்டுல மெழுகு இளகிடுச்சு, மேளம் கட்டறவங்க ஊர்ல இல்லை, நாங்களே வீட்டுல வச்சுக் கட்டினோம்."

ஒலிபெருக்கியில் யாரோ இருமினார்கள். பிறகு, போதும், நீங்கள் போகலாம் என்றது குரல். அவ்வளவுதான். மேலே ஒரு கேள்வி கிடையாது, தானம் வாசிக்கச் சொல்லவில்லை. போன தடவையும் இப்படித்தான் பாதியில் போதும் என்றார்கள். வீணையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். மாசிக் கடைசியில் சித்தப்பா வந்து இதைத் தூக்கிக்கொண்டு போவது கண் முன்னாலேயே தெரிந்தது.

இவர் வெளியே புல்வெளி ஓரத்துத் திட்டில் உட்கார்ந்திருந்தார். வீணையை வாங்கி ரஜாயில் சுற்றினார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். நானாகத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். காந்தாரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், பாதியில் நிறுத்திவிட்டார்கள், வீணை ஊருக்குப் போக வேண்டியதுதான் என்றேன். இவர் ஏதாவது விளக்கம் சொல்லுவார் என்று பார்த்தேன். கறுப்பு, பித்தளை, வெளிச்சம், ஒன்றையும் எடுக்கவில்லை.

"என்னாலதான்" என்றார்.  மங்கி கேப்பைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேர் போய் வருகிற இடத்தில்.

அத்தனை நாளாக நான் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு குமுறினது எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்கு அப்பா ஞாபகம் வந்தது, இவருடைய அம்மா ஞாபகம் வந்தது, கீழ் வீட்டம்மாள் ஞாபகம் வந்தது. எல்லோரும் என் மேல் பிரியம் உள்ளவர்கள்தான், எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"இந்தக் குளிர்ல நான் வாசிக்கணும்னு நினைச்சது ஊர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றேன். "மத்தவங்க எல்லாரும் மூடி வைன்னுதான் சொன்னாங்க. வீணை போனா போகட்டும்."

 இவர் தலையை ஆட்டினார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், கல்யாணமான புதிதில்கூட வெளியிடத்தில் அப்படிப் பிடித்தவர் இல்லை.

மாசி பிறந்து சில நாளில் ரேடியோவிலிருந்து தபால் வந்தது. என்னை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் எடுத்தார்கள், அந்தக் குரல் என்ன நினைத்தது என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. சித்தப்பா வெறுங்கையோடு ஊருக்குப் போனார், தங்கைக்கு அப்பா வேறு வீணை வாங்கிக் கொடுத்தார். நான் அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ரேடியோவில் வாசித்தேன். எந்த நாள் என்ன வாசித்தேன் என்பதெல்லாம் மறந்துகொண்டு வருகிறது.

இவர் போய்ச் சேர்ந்து இப்போது சில வருஷம் ஆகிறது. கத்தினதும் சண்டை போட்டதும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அதையெல்லாம் நான் கணக்கில் வைப்பதில்லை. 'நீங்க ஒருத்தர்தான்' என்று அன்று சொன்னதைத் தபால் வந்த பிறகு சொல்லியிருந்தால் அது என்ன பெரிய காரியம், யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். வீணை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே இவரிடம் அதைச் சொல்லிவிட்டேன். அந்த ஒன்றில் எனக்கு நிம்மதி.